ஆட்டாமப் பிடிம்மா

மில்லில் விழுந்து அடிபட்ட மேனேஜருக்குக் கால் மறுபடி வீங்கிவிட்டது. நிறுத்திவிட்ட வைத்தியச் செலவை மறுபடி தரும்படி இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டிருந்தார். கம்பெனி டாக்டர் வீடியோவில் காலைப் பார்ப்பதாக ஏற்பாடு.

“போனை ஆட்டாமப் பிடிம்மா. எல்லாமே அதுலதான் இருக்கு” என்றார் மேனேஜர், கட்டில் பக்கத்தில் நின்ற நர்ஸிடம்.

டாக்டர் திரையில் வந்தார். “குப்புறப் படுங்க சார். சிஸ்டர், அடிபட்ட காலைக் காட்டுங்க.”

காட்டினாள்.

“வீக்கமே இல்லையே!”

“ஐயோ, உயிர் போகுது டாக்டர்!” தலையணைக்குள் அலறினார் மேனேஜர்.

“நடிக்காதீங்க. இனிமே செலவு தர முடியாது.” திரை அணைந்தது.

“ஏய், எந்தக் காலைக் காட்டினே?”

வீங்கிய காலின்மேல் போர்வையை இழுத்துவிட்டாள் நர்ஸ்.

“நல்ல காலைத்தான் சார். உங்க மில்லுல அடிபட்ட என் வீட்டுக்காரருக்கு அன்னிக்கு இதே டாக்டர் பார்க்க நீங்கதானே போன் பிடிச்சீங்க? அதே மாதிரி பிடிச்சேன். ஆட்டவே இல்ல.”