மூடுபாறை

அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

எங்கிருந்துதான் அவளுக்கு இவ்வளவு பலம் வந்ததோ, அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கிணற்றின் கைப்பிடிச்சுவர் வரை வந்துவிட்டாள்.

உள்ளே அவள் புருஷன் கொளஞ்சி கிடந்தார். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்று இறங்கியவர், பாதிப் படியில் கை நழுவிச் சேற்றில் விழுந்திருந்தார். அடிபட்ட மாதிரி தெரியவில்லை. அசந்து தூங்குகிறவர் போல ஒருக்களித்துக் கிடந்தார்.

"விடு தம்பி! கிட்டப் போயி ஒரு சத்தம் போட்டா எந்திரிச்சுடுவாரு."

அவர்கள் வீட்டு மாடி அறைக்கு வாடகைக்கு வந்த நாளிலிருந்து அவனுக்கு அவள் வாயில் தம்பி என்றுதான் பெயர்.

அவன் விடவில்லை.

கிணற்றில் புகை இல்லை. நாற்றமும் இல்லை.

என்ன இருக்கிறது என்று, கிணற்றைச் சுற்றிக் கூடியிருந்த அத்தனை பேரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஊருக்கு வடக்கே அவன் கம்பெனி. ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, பூமியின் ஆழத்தில் செலுத்தி அடைத்து வைப்பார்கள். அதற்கு மேலே மூடி மாதிரி ஒரு பாறை. அந்தப் பாறை நிற்குமா, விரியுமா என்று பார்த்துச் சொல்லத்தான் அவனுக்குச் சம்பளம்.

போன வாரம் உள்ளே அழுத்தம் மளமளவென்று இறங்கியது. பாறை எங்கோ விரிசல் விட்டுவிட்டது என்றான். மீட்டர் கோளாறு, வெளியே மூச்சு விடாதே என்றார் மேலாளர்.

அவனும் வாயைத் திறக்கவில்லை.

வேலை போய்விடுமே என்று பயம். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

காற்றைவிடக் கனமான வாயு அது. பள்ளம் பார்த்துப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"தள்ளுங்க, தள்ளுங்க!"

கொளஞ்சியின் தம்பி பழமலை ஓடிவந்தான். துண்டைத் தொட்டித் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டான். தீப்பிடித்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் செய்கிற காரியம். இதற்கு அந்தத் துண்டு எந்த மூலைக்கு?

பழமலை ஒரு காலைச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டான்.

இவனுக்கு இருப்பது இரண்டு கை. இரண்டிலும் அவள்.

கத்தினான்.

"எறங்காத! அது எங்க கம்பெனி கேஸு! பூமிக்குள்ளேருந்து கசியுது! எறங்குனா மூச்சு நின்னுடும்!"

நாலு பேர் பாய்ந்து பழமலையைப் பின்னால் இழுத்தார்கள்.

அப்புறம் எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

யாராவது அடிப்பார்கள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

அவள் திமிறுவதை நிறுத்தினாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபமே இல்லை. அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஒனக்கு அதப்பத்தி எல்லாம் தெரியுமா தம்பி?"

தலையசைத்தான்.

"அப்ப நீயே சொல்லு. ஃபயர் வண்டி வர்ற வரைக்கும் தாங்குவாருல்ல?"

கொளஞ்சி விழுந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று அவனுக்குத் தெரியும். அந்த வாயுவுக்கு எவ்வளவு நேரம் போதும் என்பதும் தெரியும்.

"தாங்குவாருக்கா" என்றான்.

அவள் நம்பினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவன் பிடியில் இருந்தபடியே சுவரில் சாய்ந்து, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க... இன்னும் கொஞ்ச நேரந்தாங்க. தம்பியே சொல்லிடுச்சு."