அகரத்துக்குக் கிளம்பிய வண்டி

திண்டுக்கல்லின் ஆம்புலன்ஸ் அழைப்பு அறைக்குள் காலை வெயில் விழுந்து கிடக்கிறது. தமிழ்மதியின் ஹெட்போனில் மலைச்சாமி என்ற பெரியவர் பதறுகிறார். "அகரம் பூக்காட்டுலருந்து பேசுறேன் தாயி, மருமவளுக்கு வலி கண்டுருச்சு!" நேற்றுவரை ஊர்ப்பெயரைத் தேடினால் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று விடியலில்தான் கணினிப் பொறியாளர் பரணி தரவுத்தளத்தைச் சீர்செய்து முடித்திருக்கிறான். அவள் நாற்காலிக்குப் பின்னால் மூச்சைப் பிடித்து நிற்கிறான். தமிழ்மதி 'அகரம்' என்று தட்டி விரலை எடுப்பதற்குள் ஊரும் பாதையும் அருகிலுள்ள வண்டியும் திரையில் வந்துவிடுகின்றன. "வண்டி கெளம்பிருச்சுங்கய்யா, லைன்லயே இருங்க." பேசிப்பேசி அவரைத் தேற்றுகிறாள். திடீரென்று முகம் மலர்ந்து, ஹெட்போனைக் கழற்றிப் பரணியின் காதில் வைக்கிறாள். சைரன் நெருங்கி வருகிறது. அதற்கும் மேலே பெரியவரின் குரல்: "ஏலே, ஆட்ட வெலக்குங்கடா, வண்டி வந்துருச்சு!"