மூணு இன்ச் உயரம்

அறுபத்தேழு வயசு மனுஷன், வண்டியை உயரத் தூக்கிக் கட்டணும்னு வந்து நின்னா சிரிக்காம என்ன பண்றது? தினகரன் வாய்விட்டே சிரிச்சான்.

இரும்புலியூர்ல வண்டி பாரத்தைத் தாங்குற கமான் பட்டை வேலைன்னா தினகரன் பட்டறையைத்தான் கை காட்டுவாங்க. அந்தப் பெருமை அவனுக்கும் கொஞ்சம் ஜாஸ்தியாவே உண்டு.

“இன்னாணா, வயசுப் பசங்க கேக்கறத நீங்க வந்து கேக்கறீங்க?”

துரைராஜ் சிரிக்கலை. பெருங்களத்தூர்ப் பக்கம் பூர்வீகக் குடும்பம். ஒரு காலத்துல நெல்லு போட்டவர், இப்ப வீட்டு வாடகை வாங்குறவர். விறைச்ச முதுகு. அவரோட பிக்கப் வண்டிக்குப் பதினாறு வயசு.

“சிரிச்சு முடிச்சிட்டியா? வண்டி மூணு இன்ச் ஒசரணும். பின்னால பத்து பேர் ஏறினாலும் குனியக் கூடாது. குலுக்கவும் கூடாது. சைலன்ஸர் வாயையும் மேல தூக்கிக் கட்டிடு.”

“ஒசரமும் வேணும், லோடும் தாங்கணும், மெத்துனும் போவணுமா? ஒரே அடுப்புல இட்லியும் புரோட்டாவும் கேக்கறீங்களேணா!”

“முடியலேன்னா சொல்லிடு. வேற பட்டறை பாத்துக்கறேன்.”

தினகரனுக்குச் சுருக்குன்னு தைச்சது. வேற பட்டறையா? அவன்கிட்ட வந்து நின்னுக்கிட்டா?

“முடியாதுன்னு யார் சொன்னா? கேளுங்க. கூட ரெண்டு பட்டை சொருவுனா லோடு தாங்கும். ஆனா குலுக்குற குலுக்குல ஏறுனவன் இடுப்பு கழண்டுடும். கமானுக்கும் அச்சுக்கும் நடுவுல கட்டை வெச்சா ஒசரும். ஆனா திருப்பத்துல ஆடும், ஆளை ஏத்தினு கவுந்தா என் பேரு நாறிப்பூடும். நான் சொல்றது புது கமான் செட்டு. நல்லா வளைஞ்சது, மெல்லிசுப் பட்டையா நெறைய. கூடவே நீள ஷாக் அப்சர். செலவு ஆவும்.”

“ஆகட்டும்.”

“பத்து பேரை ஏத்தினு எங்கணா போவப் போறீங்க? லோடு வண்டில ஆள் ஏத்தினா கேஸு போடுவான்.”

“உன்னைப் பட்டை கட்டத்தானே சொன்னேன்? ஐப்பசி பொறக்கறதுக்குள்ள வேணும்.”

சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டார்.

‘நிலம் வித்த காசு, பேசச் சொல்லுது. கூட்டாளிங்களோட ஊர் சுத்தறதுக்கு சொகுசு கேக்குது’ன்னு தினகரன் முணுமுணுத்தான். திட்டினானே தவிர வேலையில ஒரு குறை வைக்கலை. பட்டையை ஒவ்வொண்ணாத் தட்டிப் பார்த்து, தானே அடியில படுத்துக் கட்டினான். நாலாம் நாள் பட்டறை ஆளுங்க, பக்கத்து டீக்கடை ஆளுங்கன்னு பத்து பேரைப் பின்னால ஏத்திக்கிட்டு வேகத்தடை மேல ஓட்டினான். வண்டி குனியலை. ஒருத்தன் கையில இருந்த டீ கூட சிந்தலை. அடேங்கப்பா, நம்ம கை வேலையான்னு அவனுக்கே மலைப்பாயிருந்தது.

துரைராஜ் வண்டி எடுக்க வந்த நேரம், சர்வீஸுக்கு விட்டிருந்த தன் காரை எடுக்க ஹேமநாத்தும் வந்தான். சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன். பெரியவரைப் பார்த்ததும் ஓடிப்போய் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான்.

“சார், நீங்களா! எப்படி இருக்கீங்க?”

“இவரைத் தெரியுமா சார்?” தினகரன் கேட்டான்.

“தெரியுமாவா? போன மழைக்கு எங்க செண்பகா நகர் முழுக்க இடுப்பளவு தண்ணி. என் வைஃபுக்கு ஒன்பதாம் மாசம். ஒரு படகும் வரலை. இவர்தான் இந்த வண்டியை ஓட்டிக்கிட்டு வந்தார். பாதித் தெருவுல சைலன்ஸர்ல தண்ணி ஏறி நின்னுபோச்சு. இந்த வயசுல தண்ணில குதிச்சு, எங்களோட சேர்ந்து மேடு வரைக்கும் தள்ளினார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவ கத்தினது இன்னும் என் காதுல இருக்கு. மேட்டுல எங்களை ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டு, அடுத்த வீட்டு ஆளுங்களைக் கூட்டிவரத் திரும்பத் தண்ணிக்குள்ள நடந்து போனார். இவர் சாமி மாதிரிங்க!”

“கொழந்தை?” பெரியவர் அவசரமாக் கேட்டார்.

“பொண்ணு சார். ஓவியா. நல்லா இருக்கா.”

ஹேமநாத் போனதும் தினகரனுக்கு நெஞ்சு விம்மிப்போச்சு. இந்த வண்டிக்கா நம்ம பட்டை கட்டினோம்! கூடவே வெட்கமாவும் இருந்தது.

“வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாணா? நான் பாட்டுக்கு உங்களத் தப்பா நெனச்சுகினு கெடந்தேன். இருங்க, முன் கண்ணாடில ‘செண்பகா நகரின் காவலன்’னு பெருசா ஸ்டிக்கர் ஒட்டறேன். என் செலவு. ஊரே பாக்கட்டும்!”

“அதெல்லாம் வேணாம்பா.”

“ஏன்ணா? எம்மாம் பெரிய காரியம் பண்ணிட்டு…”

துரைராஜ் வண்டியில ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டவர், திருப்பாம அப்படியே இருந்தார்.

“செண்பகா நகர் எங்க வயலுப்பா. ஐப்பசி, கார்த்திகையில அங்க இடுப்பளவு தண்ணி நிக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். அதான், தரை காஞ்சு கெடந்த பங்குனியில மனை போட்டு வித்தேன்.”