உப்புக்குச் சப்பாணி

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்த டெக்கிலா மது பாட்டிலுக்கு வாய் கொஞ்சம் நீளம். மார்கரிட்டா என்ற மதுக்கலவை கலக்கும் மேசையில் உப்பைப் பார்த்து, "நானும் எலுமிச்சையும் உள்ளே குதிக்கிறோம். நீ கிளாஸ் விளிம்புல சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கிற. உப்புக்குச் சப்பாணிடா நீ!" என்றது.

"நானே உப்புதானேண்ணே," என்றது உப்பு.

பெரிய இடத்துப் பேச்சு என்றால் எலுமிச்சை உடனே தலையாட்டும். உப்பு ஒட்டுவதற்காக வழக்கமாக நனைக்கும் விளிம்பை நனைக்காமல் நேராக உள்ளே குதித்துவிட்டது. காய்ந்த விளிம்பில் ஒட்ட முடியாமல் உப்பு தட்டிலேயே கிடந்தது.

குடிக்க வந்தவர் ஒரு வாய் வைத்தார். "என்னய்யா இது, உப்புச்சப்பே இல்லை!" என்று மொத்தத்தையும் தொட்டியில் கொட்டினார். "ஒழுங்கா வேற போடு!"

எலுமிச்சை ஏற்கெனவே சக்கை. பாட்டிலில் இன்னும் ஒரு கிளாஸுக்குத்தான் மிச்சம். பாட்டில் மெதுவாக உப்புத் தட்டுப் பக்கம் திரும்பியது.

"உப்பண்ணே, சாப்பிட்டீங்களா?"