ஜாமீன் நின்ற முட்டாள்

"தள்ளுபடியா? அந்தப் பேச்சே வேணாம்! கடன் வாங்கினா திருப்பித் தரணும். வேதத்துல இருக்கு."

ஜெபக்கூடத்தின் உள்ளறையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தச்சரின் மனைவிக்கு வயிறு எரிந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள். சொன்னது, சபை நிர்வாகிகளில் ஒருவரான கூடப்பிறந்த அண்ணன்.

சபையின் உதவி நிதியில் கடன் வாங்கித்தான் அவள் கணவர் மரம் அறுக்கும் மெஷின் வாங்கினார். வாங்கிய சூட்டோடு மாடிப்படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கெடு இன்றோடு முடிகிறது. கடனைத் தள்ளுபடி செய்யாவிட்டால் ஜாமீன் நின்றவர் கட்ட வேண்டும். அவரும் கைவிரித்துவிட்டால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிழைப்பும் அதோடு போய்விடும்.

ஜாமீன் நிற்க ஆள் பிடிப்பது சபைத் தலைவரின் வேலை. அது யார் என்று கடன் வாங்கியவருக்கோ மற்ற நிர்வாகிகளுக்கோ சொல்ல மாட்டார். கொடுக்கிற கை வெளியே தெரியக் கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம்.

"கேக்கிறவனுக்குக் கொடு, திரும்பி வரும்னு எதிர்பார்க்காதேன்னும் அதே வேதத்துலதானேப்பா இருக்கு?" தலைவரின் குரல் கெஞ்சியது.

"அது கொடுக்கிறவனுக்குச் சொன்னது. வாங்கினவன் அதைத் தூக்கிட்டு வரக் கூடாது. இன்னைக்கு இவங்களுக்கு விட்டா, நாளைக்கு ஆபரேஷனுக்குன்னு ஒருத்தன் வந்து நிப்பான். பெட்டியில என்ன இருக்கும்? காத்தா?"

"ஜாமீன் நின்ன மனுஷனை நினைச்சுப் பாரு. அவரும் பிள்ளைகுட்டிக்காரர்."

"ஜாமீன் நிக்காதேன்னு வேதம் தலைப்பாடா அடிச்சுக்குது. அதையும் மீறி நின்ன முட்டாள் கட்டட்டும்!"

அவளுக்குக் கண்ணீர் முட்டியது. மெஷின் வாங்கிய அன்று, "பட்டினி கிடந்தாலும் கடன் படாதேன்னு சொன்னேனே, கேட்டியா?" என்று கத்திவிட்டுப் போனவர்தான். அதன்பிறகு அவள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. இன்றும் வேர்த்து விறுவிறுத்து, செருப்பெல்லாம் புழுதியாக வந்தவர், அவளைப் பார்க்காமலேயே உள்ளே போனார். தங்கை முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் வேனை எங்கேயோ தள்ளி நிறுத்தியிருப்பார். அப்படியென்ன வீம்பு!

சற்று நேரத்தில் கதவு திறந்தது. அண்ணன் விடுவிடுவென்று அவளைக் கடந்து போனார்.

"நல்லா இருண்ணே!" அவளால் அடக்க முடியவில்லை. "எங்க வயித்துல அடிச்சுட்டேல்ல? இனிமே நீ எனக்கு அண்ணனே இல்ல!"

அவர் ஒரு நொடி நின்றார். திரும்பிப் பார்க்காமலேயே வெளியேறினார்.

பின்னாலேயே தலைவர் வந்தார். "அழாதேம்மா. தள்ளுபடி இல்லேன்னு முடிவாயிடுச்சு. ஆனா மெஷினை யாரும் தொட மாட்டாங்க. ஜாமீன்காரர் காலையிலேயே மொத்தத்தையும் என்கிட்ட கொடுத்துட்டார்."

"யாருங்கய்யா அந்தப் புண்ணியவான்? அவர் கால்ல விழணும்."

"அதைச் சொல்லக் கூடாதும்மா." தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், வண்டியை வித்துக் கொடுத்திருக்கார். தள்ளுபடின்னு ஆயிருந்தா அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடலாமேன்னுதான் உள்ள அவ்வளவு மல்லுக்கட்டினேன். நடக்கலை."

அவள் வாசலுக்கு ஓடினாள்.

தெருமுனைக் கடைக்குக்கூட வேனை எடுக்கிற அண்ணன், உச்சி வெயிலில் நடந்து போய்க்கொண்டிருந்தார்.