காசளவு சுவிட்ச்

டெல்மரின் வண்டிவீட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி மணலில் சாய்த்து வைத்தேன். உள்ளே குளிர்பெட்டியின் முதுகு தெரிந்தது.

கேஸை மூடியாயிற்று. பேட்டரி ஒயரைப் பிடுங்கியாயிற்று. முட்டி இரண்டும் சரளைக்கல்லில் வெந்துகொண்டிருந்தன. அரிசோனாவில் மே மாதம் காலை ஒன்பது மணிக்கே அப்படித்தான்.

டெல்மர் என் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். எழுபத்தெட்டு வயதாகியும் சும்மா நிற்கத் தெரியாது. குடை ஆடிக்கொண்டே இருந்தது.

இந்தக் குளிர்பெட்டி கேஸில் ஓடுவது. அடியில் விரல் நுனியளவு ஒரு சுடர் எரியும். அந்தச் சூட்டில்தான் பெட்டிக்குள் குளிர் பிறக்கும். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அப்படித்தான். சூடு எல்லை மீறினால் சுடரை அணைத்துவிட ஒரு சுவிட்ச் உண்டு. காசளவு இருக்கும். திங்கட்கிழமை அது செத்துப்போனது. அதோடு பெட்டியும் நின்றுவிட்டது.

பெட்டிக்குள் ஆர்லாவின் இன்சுலின் இருந்தது. ஆர்லா டெல்மரின் மனைவி. ஒரு நாளைக்கு நாலு ஊசி. மருந்துக்கடை எண்பது மைல். அடுத்த குப்பி முதல் தேதிக்கு முன்னால் கிடைக்காது. வண்டிக்குள் மத்தியானம் நூற்றைந்து டிகிரி. அந்தச் சூட்டில் இன்சுலின் நிலைக்காது.

திங்கட்கிழமையே டெல்மர் என்னிடம் வந்து, சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிடச் சொன்னார். சுவிட்ச் இல்லாமலே சுடர் எரியும். இந்தப் பாலைவனத்தில் வண்டிவீட்டில் குடியிருக்கும் எங்களில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

நான் மாட்டேன் என்றேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், இதே வறண்ட ஆற்றுப்படுகையில், கோபர்ன் தம்பதியின் வண்டி அப்படித்தான் எரிந்தது. அவர்கள் வெளியே உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்ததால் பிழைத்தார்கள். இரும்புப் படிக்கட்டு மட்டும் மிஞ்சியது. அந்த ஒயர்களை முறுக்கிக் கொடுத்தவள் நான்.

"சுவிட்சுக்கு நீ என்ன பெத்த தாயா, நெட்டி?" என்று கேலி செய்துவிட்டு, டெல்மர் புதிய சுவிட்சுக்குச் சொல்லி அனுப்பினார்.

அதுவரைக்கும் மருந்தை என் பெட்டியில் வைக்கச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. நாளுக்கு நாலு தடவை உன் கதவைத் தட்டவா, ஐஸ் பெட்டி போதும் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவது எங்களுக்குள் வழக்கம் இல்லை. வாசலில் நாற்காலியை மடித்து வைத்தால், வராதே என்று அர்த்தம். அவர்கள் நாற்காலி செவ்வாய்க்கிழமையிலிருந்து மடித்தே கிடந்தது. நான் போகவில்லை.

இன்று வியாழன். தபால் ஆபீசுக்கு விடியற்காலையிலேயே போய்க் காத்திருந்து, பார்சலைக் கையோடு வாங்கிவந்துவிட்டேன்.

பழைய சுவிட்சின் இரண்டு ஒயரையும் உருவினேன். திருகைக் கழற்றியதும் அது என் உள்ளங்கையில் விழுந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. குழாயைத் தடவிப் பார்த்தேன். மஞ்சள் கறை இல்லை, கசிவு நாற்றம் இல்லை. மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது. சுவிட்ச் மட்டும் வயசாகிச் செத்திருந்தது.

முறுக்கிவிட்டிருந்தாலும் இந்த மூன்று நாளில் ஒன்றும் ஆகியிருக்காது. அதை டெல்மரிடம் சொல்லவில்லை.

புதியதை வைத்துத் திருகினேன். ஒயர்களைச் செருகினேன். பேட்டரியை மாட்டி, கேஸைத் திறந்தேன். டிக் டிக் என்று நாலு தடவை. பிறகு நீலமாக ஒரு சின்னச் சுடர், ஆடாமல் நின்றது.

சாயங்காலத்துக்குள் குளிர்ந்துவிடும் என்றேன்.

டெல்மர் குடையை மடக்கிவிட்டுத் தொப்பியை எடுத்தார். பிறகு, மருந்தை இப்போதே உள்ளே வைத்துவிடலாமா என்று கேட்டபடி, வண்டியின் நிழலில் இருந்த ஐஸ் பெட்டியை இழுத்துவந்து மூடியைத் திறந்தார்.

வெள்ளைப் புகை வழிந்து தரையில் பரவியது.

செவ்வாய்க்கிழமை பெட்ரோல் பங்கில் ஐஸ் தீர்ந்துவிட்டதாம். அதனால் வேட்டைக்காரர்கள் இறைச்சியை உறையவைக்க வாங்கும் புகை ஐஸை வாங்கிவந்திருக்கிறார். அதன் நடுவில் குப்பியைக் குழி தோண்டிப் புதைத்த மாதிரி வைத்திருந்தார்.

கையுறை போட்டுக்கொண்டு அதை எடுத்து என்னிடம் நீட்டினார். உள்ளே வெள்ளையாக இறுகிக் கிடந்தது.

"பாத்தியா, கல்லு மாதிரி வச்சிருக்கேன். ஊசி போடறப்ப மட்டும் அக்குள்ள வச்சு இளக்கிக்குவேன்."

உறைய விடாதே என்று மருந்து அட்டையிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஒரு தடவை உறைந்துவிட்டால், இளகிய பிறகும் அதை நம்ப முடியாது. பார்த்தால் மருந்து மாதிரியே இருக்கும். உடம்புக்குள் போய் வெறும் தண்ணீராக நிற்கும், சர்க்கரை ஏறிக்கொண்டே போகும்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். செவ்வாய் மத்தியானத்திலிருந்து என்றார். எட்டு ஊசி, ஒன்றுகூடத் தவறவிடவில்லை. நேற்று முழுக்க அவள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக் குடித்து வாந்தி எடுத்ததால், ராத்திரி ஊசியில் கொஞ்சம் கூட்டியே போட்டாராம்.

ஆர்லா இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

டெல்மர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசு, நெட்டி. விடிஞ்சதுல இருந்து தண்ணிகூடக் கேக்கல. இப்பத்தான் அசந்து தூங்குறா."