இடது கையை நீட்டு!

"ஐயோ, அந்தக் கை இல்லப்பா! வலது கையை நீட்டினியோ, தொலைஞ்சே!" என்று வைத்தியர் முத்தையா அதட்டினார்.

வீரய்யா சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அவன் பெண்சாதி கருப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பதுளைக் கடைவீதியில் இந்த மருந்துக்கடைக்குள் நுழைந்ததிலிருந்து இதே பாடம்தான், மனுஷன் மண்டையில் ஏறினால்தானே!

"ஆம்பளைக்கு வலது கையில நாடி பாக்கணும், பொம்பளைக்கு இடது கையில. அப்ப உன் நெஞ்சு நோவு எந்தக் கையில பேசும்?"

"வலது கையிலங்க."

"அதான்! டாக்டர் தொரைக்கு இடது கையை நீட்டு. ஒரு நோவும் தெரியாது."

"தொரைக்குப் போய் இடது கையை நீட்டுறதாங்க? மரியாதையா இருக்குமா?"

"மரியாதை பாத்தீங்கன்னா மாட்டுவண்டிதான் ஓட்டணும்," என்றாள் கருப்பம்மா.

விஷயம் இதுதான். ஸ்பிரிங்வெளிப் பக்கம் அவர்கள் தோட்டத்துக்குப் புது மோட்டார் லாரி வந்து இறங்கியிருந்தது. தோட்டத் துரையின் காரைக் கழுவிக் கழுவியே ஓட்டப் பழகிக்கொண்டவன் வண்டிக்காரன் வீரய்யா. 'லாரியை நீயே ஓட்டு. ஆனா நெஞ்சு நல்லா இருக்குன்னு டாக்டர்கிட்ட துண்டுச் சீட்டு வாங்கிட்டு வா. மலை வளைவுல உன் நெஞ்சு நின்னா என் தேயிலை பள்ளத்துல' என்று துரை சொல்லிவிட்டார். துண்டு கிடைத்தால் டிரைவர். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் மாட்டு வாலை முறுக்க வேண்டியதுதான்.

நெஞ்சு நோவோ மூன்று வருஷத்து நோவு. லுணுகலைக்குப் போய்த் திரும்பியவன் வண்டியைப் பாதையில் விட்டுவிட்டு ஓடையில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தான். நாடி பிடித்துப் பார்த்து நோவைச் சொன்னவர் இந்த முத்தையாதான். அன்றிலிருந்து பத்தியம். கருவாடு கூடாது, கத்தரிக்காய் கூடாது, சாராயம் கூடாது, மொச்சைக்கொட்டை கூடாது. லயத்து வரிசையில் யார் வீட்டிலாவது கருவாடு சுட்டால் வீரய்யா வாசலில் வந்து நின்றுகொண்டு மூக்கால் சாப்பிடுவான். பாவமாக இருக்கும்.

"நெஞ்சுல குழாய் வெச்சுப் பாப்பாங்களாமேங்க?" என்று அவன் முனகினான்.

வைத்தியர் கருப்பம்மாவைப் பார்த்தார். கருப்பம்மா வைத்தியரைப் பார்த்தாள். அவர் எழுந்துபோய் எதையோ அரைத்து, பச்சைப் பசேலென்று ஒரு பற்றை அவன் நெஞ்சு முழுக்கப் பூசினார்.

"இது இருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிற சத்தம் வெளிய கேக்காது. போ!"

டாக்டர் துரையின் அறையில் கருப்பம்மா புருஷனை ஒட்டியே நின்றாள். துரை வாயைத் திறந்து என்ன சொல்லித் தொலைப்பாரோ! மூன்று வருஷமாகக் கட்டிக் காத்த குடும்பம் அந்த ஒரு வார்த்தையில் அல்லவா நிற்கிறது? மாரியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

வீரய்யா இடது கையை நீட்டினான். துரை முகத்தைச் சுளித்தாலும் அந்தக் கையையே பிடித்துப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றச் சொன்னார். பச்சை நெஞ்சைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். கம்பவுண்டர் நஸீர் ஈரத்துணியை எடுத்துவந்து பற்றை மொத்தமாகத் துடைத்துப் போட்டுவிட்டார்.

வீரய்யாவின் முகம் செத்துப்போயிற்று. "போச்சு புள்ள!" என்றான்.

"சும்மா இருங்க. அது எப்பவோ உள்ள ஊறியிருக்கும்," என்று கருப்பம்மா அவன் காதைக் கடித்தாள்.

துரை குழாயை வைத்து முன்னாலும் பின்னாலும் கேட்டார். இருமச் சொன்னார். குதிக்கச் சொன்னார். பிறகு சிரித்தபடி இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டே துண்டில் கையெழுத்துப் போட்டார்.

நஸீர் தமிழில் சொன்னார். "நெஞ்சு எருமைக் கடா நெஞ்சு மாதிரி இருக்காம்பா. தொரை என்ன சொல்றார்னா, இதுக்கு முன்னால ஒனக்கு ஒருநாளும்..."

"ஐயோ, என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? தொரைக்குக் கும்புடு போடுங்க!" என்று கத்திய கருப்பம்மா, புருஷனின் பிடரியைப் பிடித்துக் குனிய வைத்தாள். துண்டைப் பிடுங்கிக்கொண்டு அவனை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். நஸீர் வாயைத் திறந்தபடியே நின்றார்.

மருந்துக்கடைக்குள் வீரய்யா துள்ளிக்கொண்டு நுழைந்தான்.

"ஏமாந்துட்டாருங்க! இங்கிலீஷ் படிப்பு படிச்ச மனுஷன், இம்மாம் பெரிய நோவைக் கண்டுபிடிக்கலைங்க! எல்லாம் உங்க பற்றுதான்!"

"நோவு மறைஞ்சுதான் இருக்கு, போகலை. நெனப்புல வெச்சுக்க."

"பத்தியம் இன்னுமாங்க?" வீரய்யாவின் குரல் இறங்கிவிட்டது. "அந்தக் கருவாடு மட்டுமாச்சும்..."

வைத்தியர் கண்ணை மூடி யோசித்தார். "சரி, கருவாடு திங்கலாம். கத்தரிக்காயும் திங்கலாம். சாராயம் மட்டும் ஒரு சொட்டு பட்டாலும் நெஞ்சு அங்கேயே நின்னுடும், ஆமா."

"அது யாருக்குங்க வேணும்! புள்ள, நான் கருவாடு வாங்கியாறேன்!" என்று அவன் தெருவில் இறங்கி ஓடினான்.

அவன் தலை மறையும் வரை இருவரும் வாசலையே பார்த்திருந்தார்கள். அப்புறம் கருப்பம்மா வெற்றிலைத் தட்டை வைத்து வைத்தியரைக் கும்பிட்டாள். அவர் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சொன்னியேன்னு இல்லாத நோவை இருக்குன்னு சொல்லி அவன் குடியை நிறுத்தினேன், தாயி. அந்த இல்லாத நோவை இன்னிக்கு டாக்டர்கிட்ட ஒளிச்சு வைக்கிறதுக்குள்ள எனக்கு நெஜமாவே நெஞ்சு நோவு வந்திருச்சு!"